என் ராக்கெட்டில் கர்டிஸின் கை

மூன்று மாதம் எங்கள் கார் ஷெட்டில் உட்கார்ந்து அந்த ராக்கெட்டைக் கட்டினேன். நின்றால் என் தோள் உயரம். பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு வந்து, தினமும் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பேன். பசை பட்டு விரலெல்லாம் தடித்துப்போனது. என் கணவன் கர்டிஸ் ஷெட்டுக்குள் வந்ததெல்லாம் பீர் எடுக்கத்தான். குளிர்பெட்டி அங்கேதான் இருக்கிறது.

கோதுமை அறுத்த வயலில் எங்கள் கான்சாஸ் ராக்கெட் கிளப் கூடியிருந்தது. பெரிய மோட்டார் வாங்க முதல் நிலைச் சான்றிதழ் வேண்டும். ராக்கெட்டைத் தானே கட்டி, ஏவி, பாராசூட்டில் சேதமில்லாமல் இறக்கிக் காட்ட வேண்டும். வேறு யாராவது கட்டிக்கொடுத்திருந்தால் கிடையாது.

சோதிக்க வந்தவர் பெரியவர் வெர்லின் உன்ரூ. ராக்கெட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னை விட்டுவிட்டுக் கர்டிஸிடம் கேட்டார்.

"இறக்கையெல்லாம் அளந்து வெச்ச மாதிரி நிக்குதே. யாரு வேலை?"

கர்டிஸ் வாயில் இறைச்சி அடைத்த பீராக் பன். சுற்றி அவன் சேக்காளிகள். சும்மா இருப்பானா?

"இறக்கை மட்டும் நான் ஒட்டிக் குடுத்தேன். இவளுக்கு நேரா ஒட்ட வராது."

வெர்லின் பேனாவை மூடினார். "அப்போ என்னால கையெழுத்துப் போட முடியாதும்மா, ஜனெல்."

"அவன் பொய் சொல்றான்!"

"அவரு எதுக்கும்மா பொய் சொல்லணும்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் மட்டும் எதற்குப் பொய் சொல்ல வேண்டுமாம்?

"கர்டிஸ், உண்மையைச் சொல்லு."

அவன் ஷூவைப் பார்த்தான். "அட, ஒரு கை உதவி பண்ணேன். அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துற?"

பொய்யை வாபஸ் வாங்கினால் நண்பர்கள் சிரிப்பார்களே! அதற்கு என் மூன்று மாதம் போனாலும் பரவாயில்லை அவனுக்கு.

"சரி வெர்லின், அவனையே கேளுங்க. அந்த இறக்கையை எதுல ஒட்டினானாம்?"

"எதுலன்னா?" என்றான் கர்டிஸ். "வெளிக்குழாய் மேலதான். பசை தடவி நல்லா அழுத்திப் பிடிச்சேன்."

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். இறக்கை வெளிக்குழாயின் பிளவு வழியாக நுழைந்து, உள்ளே மோட்டார் குழாயில் ஒட்டும். அந்த வயலில் அது தெரியாதவன் இவன் ஒருவன்தான்.

"தம்பி, நீ இதைத் தொட்டதே இல்லை," என்று வெர்லின் பேனாவைத் திறந்தார்.

ராக்கெட் சீறிக்கொண்டு ஏறியது. உச்சியில் ஆரஞ்சுப் பாராசூட் விரிந்தது. அறுத்த கோதுமைத் தாளுக்கு நடுவே தனியாக ஓடிப் போய் எடுத்தேன். ஒரு கீறல்கூட இல்லை.

வெர்லின் கையெழுத்துப் போட்டு வாழ்த்தினார். என் ஆத்திரம் அடங்கவில்லை.

"நான் சொன்னப்போ நம்பலை. அவனுக்கு ஒண்ணும் தெரியலைன்னதும்தான் நம்பினீங்க. இனிமே கட்டினவகிட்ட கேளுங்க."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

வண்டியருகே கர்டிஸ் கையை நீட்டினான். "நாம ஜெயிச்சிட்டோம்ல! குடு, நான் உள்ள வெக்கிறேன்."

"தொடாத."

ராக்கெட்டை முன்சீட்டில் சாய்த்து பெல்ட் போட்டேன். கர்டிஸ் பின்சீட்டில் ஏறிக்கொண்டான்.