ஆட்சேபணை ஏதும் வரவில்லை

அன்று நகராட்சிக் கூட்ட அறையில் இருந்தவர்கள் நகராட்சித் தலைவர், ஆணையர், கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் பையன், அவனுடைய அம்மா, அம்மாவின் அண்ணன். டீ கொண்டுவந்தவர் கோப்பைகளை வைத்த கையோடு போய்விட்டார். அங்கே நடந்ததற்கு அவரையும் சாட்சியாகச் சேர்த்துக்கொண்டு ஊரில் பேசுகிறவர்கள் பேசிக்கொள்ளட்டும்.

அண்ணன் என்றது, ஊரே ‘பென்சில்காரர்’ என்று கூப்பிடும் பெரியவரை. பேப்பரைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பவர். நகராட்சி அறிவிப்புகள் அங்கேதான் வரும். எந்தத் தெருவைத் தோண்டப் போகிறார்கள், எவன் மாடி எழுப்ப அனுமதி கேட்கிறான் என்று ஒன்று விடாமல் பென்சிலால் கோடு போட்டுப் படிப்பார். தேவைப்பட்டால் ஆட்சேபணை எழுதி நேரில் கொடுத்துவிட்டு வருவார். அவர் தலையைக் கண்டாலே அலுவலகத்தில் பாதிப் பேர் பின்வாசல் வழியாக டீ குடிக்கப் போய்விடுவார்கள். ஒருநாள் அந்த இடத்தில் மெத்தை விளம்பரம் வந்தது. மறுநாளும் மெத்தை. விசாரித்தபோது, அறிவிப்புகள் எல்லாம் இனி இணையதளத்தில்தான் என்றார்கள். அதை எங்கே அறிவித்தீர்கள் என்று கேட்டார். இணையதளத்தில் என்றார்கள். அதன்பின் மெத்தை வாங்காமலேயே நகராட்சி நிம்மதியாகத் தூங்கியது.

அந்தத் தூக்கத்தில்தான் தெருவின் பெயர் போனது. பெரியவர் குடியிருக்கும் தெருவுக்கு அவருடைய அப்பாவின் பெயர். ஊரில் காய்ச்சல் பரவி மற்ற டாக்டர்கள் மூட்டை கட்டியபோது, வீடு வீடாக ஏறி இறங்கிய டாக்டர் அவர். இனி அந்தத் தெரு தலைவருடைய மாமனாரின் பெயரில் விளங்குமாம். மாமனார் தெருவுக்குச் செய்தது, அதில் கால்வாசியைத் தன் மரக்கடைக்குள் சேர்த்துக்கொண்டதுதான். புதுப் பலகைக்கு அளவெடுக்க வந்த பெயிண்டர் சொல்லித்தான் டாக்டரின் மகனுக்கே விஷயம் தெரிந்தது. எழுதிக் கேட்டார், நேரில் வரச் சொன்னார்கள்.

தலைவர் குழைந்து குழைந்து பேசினார். டாக்டர் மேல் தனக்கு எவ்வளவோ மரியாதை என்றார். ஆனால் அறிவிப்பு வெளியிட்டு, கெடுவும் முடிந்து, ஓர் ஆட்சேபணைகூட வரவில்லையே, தான் என்ன செய்வது என்றார்.

“யாருமே பாக்காத இடத்துல போட்டா எப்படிங்க வரும்?” என்றாள் தங்கை.

“வெளியிடணும்னுதாம்மா விதி,” என்றார் ஆணையர். “படிக்கணும்னு விதி இல்ல.”

பெரியவர் வந்ததிலிருந்து நாற்காலியில் முதுகைச் சாய்க்கவில்லை. “அப்ப நீங்களே அதை எடுத்துக் காட்டுங்க சார். பாத்துட்டுப் போயிடறேன்.”

ஆணையர் சிரித்துக்கொண்டே கணினியைத் திருப்பி வைத்தார். ‘அறிவிப்புகள்’ என்பதை அழுத்தினார்; என்றோ நடந்த சைக்கிள் பேரணியின் படங்கள் வந்தன. ‘பொதுமக்கள்’ என்பதை அழுத்தினார். திரையில் தலைவர் கையசைத்தபடி வந்தார். ஆணையர் தெருவின் பெயரைத் தட்டித் தேடினார். அப்படி ஒரு தெருவே இல்லை என்றது. சிரிப்பு வடிந்து வேர்வை வந்தது. தலைவர் தன் போனில் முயன்றார். அது அவரை யார் என்று கேட்டது. சொன்ன பிறகும் நம்பவில்லை.

சுவரோரம் நின்ற பையன் கணினிப் பக்கம் வரவில்லை. அறிவிப்பு எங்கே கிடக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் தெரிந்த ஒரே ஆள் அவன். மூட்டையாக வந்த கோப்புகளோடு அதையும் படிக்காமல் ஏற்றியது அவன்தான். தாத்தாவின் பெயரைத் தன் கையாலேயே எடுத்துவிட்டோம் என்று தெரிந்த நாளிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆணையருக்குத் திடீரென்று வழி பிறந்தது. “இவன் ஏத்தவே இல்ல போலிருக்கு,” என்றார். பிறகு எல்லாம் மளமளவென்று முடிவாயின. ஊழியரின் அலட்சியத்தால் அறிவிப்பு வெளியாகவில்லை என்று எழுதிவிடலாம். பையன் மேல் நடவடிக்கை எடுக்கலாம். பெயர் மாற்றம் தானாகவே செல்லாமல் போகும். பெரியவரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். தலைவரும் ஒத்துக்கொண்டார். அவருடைய மாமனாருக்கு ஊரில் தெருவுக்கா பஞ்சம்?

எல்லோரும் பையனைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தையில் அவன் தப்பித்துக்கொண்டிருக்கலாம்.

“ஆமா சார். மறந்துட்டேன்,” என்றான்.

தங்கை அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். அப்பாவின் பெயர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது. பெரியவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்.

“டேய், எடுத்துக் காட்டு,” என்றார்.

“வேணாம் மாமா.”

“நம்ம வீட்டுல ஒருத்தரும் வேலையில அலட்சியம்னு பேர் வாங்கினதில்ல. காட்டு.”

பையன் குனிந்து ‘ஒப்பந்தப்புள்ளிகள்’, அதற்குள் ‘இதர’, அதற்குள் ‘பழையவை’ என்று தட்டிக்கொண்டே போனான். அறிவிப்பு கோணல்மாணலாக வந்து நின்றது. தேதி சரி, கையெழுத்தும் சரி. கீழே, இதுவரை பார்த்தவர்கள் இரண்டு பேர் என்றிருந்தது. ஒன்று, ஏற்றியதும் சரிபார்த்த பையன். மற்றொன்று, இப்போது அந்த அறையில் இருந்த ஐந்து பேரும் சேர்ந்து.

பெரியவர் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். பையன் தன் வேலையைச் செய்திருக்கிறான் என்று எழுதிக்கொள்ளும்படி ஆணையரிடம் சொன்னார். அவர் எழுதும்வரை நின்றார். பிறகு தலைவரின் பக்கம் திரும்பினார்.

“உங்க மாமனாருக்கு இந்தத் தெரு பொருத்தம்தாங்க. கால்வாசி ஏற்கெனவே அவர்கிட்டதானே இருக்கு.”

தலைவர் நீட்டிய கையை அவர் கவனிக்கவில்லை. தங்கை எழுந்து அண்ணனுக்கு முன்னால் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டாள்.

பலகை மாறிவிட்டது. பதவி உயர்வுக்கு ஆசைப்பட்டுப் பேரனே தாத்தாவின் பெயரை விற்றுவிட்டான் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அவனுக்கு எந்தப் பதவி உயர்வும் கிடைக்கவில்லை. காட்டச் சொன்னது அவனுடைய மாமா.