டிரம்மைத் திறந்து பார்க்காத ஊர்

அம்பூரி மலைச்சரிவில் இருந்த சின்னக் கிறிஸ்தவ சபைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை உண்டு. சவம் தூக்கும் மஞ்சமும் உடைந்த பெஞ்சுகளும் போட்டுவைக்கிற இடம். டீசல் டிரம்மையும் அங்கேதான் வைத்திருந்தார்கள். தொண்ணூறாம் ஆண்டு ஆகஸ்டில், குவைத்தில் சண்டை, எண்ணெய்க்குத் தட்டுப்பாடு வரும் என்று ரேடியோ சொன்னதும் ஊர் கூடி வாங்கிய டிரம் அது. ஊருக்கு இருந்தது ஒரே ஜீப், வேலாயுதனுடையது. உயிருக்குப் போராடுகிறவர்களையும் பேறுகாலப் பெண்களையும் அதில்தான் நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோக வேண்டும். டிரம்மில் இருப்பது அந்த ஓட்டத்துக்கு மட்டும், வேறு எதற்கும் தொடக்கூடாது என்று பேச்சு. கொட்டகைச் சாவி சபை வாசல் ஆணியில் தொங்கியது. பொறுப்பு, சபைச் செயலாளர் ஈசாக்குக்கு.

ஒரு மாதம் ஊர் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு யாரோ பம்புசெட்டுக்கு ஒரு குப்பி எடுத்தார்கள். கல்யாண வீட்டு ஜெனரேட்டருக்கு ஒரு கேன் போயிற்று. செல்லரித்த உத்தரத்தில் பூச இன்னொருவர் ஒரு செம்பு எடுத்தார். கிறிஸ்துமஸ் பாட்டுக்குழு வீடுவீடாகப் போனபோது டியூப்லைட் ஜெனரேட்டருக்கு ஈசாக்கே நின்று ஊற்றிக் கொடுத்தார். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எடுத்தவர்கள் எல்லோரும் திருப்பி ஊற்றத்தான் நினைத்தார்கள். அந்த நினைப்பில் டிரம் நிறைந்தே இருந்தது.

டிசம்பர் கடைசியில் கீழே பெட்ரோல் பங்கில் ‘ஸ்டாக் இல்லை’ என்று பலகை தொங்கியது. ஈசாக்கின் மகள் லிஜி தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அவர் யாருக்கும் தெரியாமல் கொட்டகைக்குள் போய் டிரம் மூடியில் கை வைத்துக்கொண்டு நின்றார். திறக்கவில்லை. திறந்தால் குறைந்திருப்பது தெரிந்துவிடும். தெரிந்தால் சபையில் சொல்ல வேண்டும். சொன்னால், யார் எடுத்தது என்ற கேள்வி முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். விரலால் தட்டிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பூட்டிவிட்டு வந்துவிட்டார்.

“டிரம்மில எண்ணெ கெடக்கா?” என்று மனைவி புஷ்பபாய் கேட்டாள்.

“கெடக்கு. நீ சும்ம இரி.”

ஜனவரியில் ஒரு மத்தியானம், நாள் ஆவதற்கு முன்பே லிஜிக்கு வலி கண்டது. கூடவே ரத்தமும் போனது. வேலாயுதன் ஓடி வந்தான். அவன் ஜீப்பில் சொட்டு டீசல் இல்லை. காலையில்தான் ஆரியங்கோட்டுக்கு ஒரு கல்யாண ஓட்டம் போய் வந்திருந்தான். சபையில் டிரம் இருக்கிறதே என்ற தைரியம்.

ஊற்றுவதற்காக டிரம்மை லேசாகச் சாய்த்தான். சாய்த்த வேகத்தில் அது தரையில் விழுந்து உருண்டது.

“சேட்டா, இது காலியாக்கும்!”

அடியில் துருச்சேறும், ஒரு கை அள்ளுகிற அளவு எண்ணெயும் கிடந்தன. ஈசாக்குக்குப் பின்னாலேயே வந்திருந்த புஷ்பபாய் அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள்.

“கெடக்குன்னு சொன்னியளே! எனக்க பிள்ளய கொன்னுட்டியளே!”

ஈசாக் தெருவுக்கு ஓடினார்.

“டிரம்மு ஒழிஞ்சு போச்சு! எனக்க பிள்ள சாவக் கெடக்கா! ஆருக்க வீட்டிலயாவது டீசல் உண்டா?”

கதவுகள் திறந்தன. ஆட்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒரு மூலையில் குப்பி இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தால் எங்கிருந்து வந்தது என்று நாலு பேர் பார்ப்பார்களே! ஈசாக் அவர்கள் முகங்களைப் பார்த்தார். ஊரில் எண்ணெய் இல்லை என்ற பயம் போய், இருந்தும் யாரும் தரப்போவதில்லை என்ற பயம் வந்தது.

முதலில் அசைந்தவன் ராஜதாஸ். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கேனை எடுத்து வந்தான். அவன் மனைவி ரேஷ்மிக்கும் மாதம் ஏழு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கேன் வாசலைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி நின்றாள்.

“இவளுக்காக்கும் வச்சிருந்தது. கொண்டு போங்க அண்ணே,” என்றான் ராஜதாஸ்.

அதன் பிறகு சாராயக் குப்பியில், மருந்துக் குப்பியில், கிண்ணத்தில் என்று வந்தது. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. வேலாயுதன் தோளில் கிடந்த துவர்த்தைச் சல்லடையாக்கி எல்லாவற்றையும் டாங்கில் ஊற்றினான்.

“எறக்கத்தில எஞ்சினை ஆஃப் செய்தாத்தான் டவுண் வரை எத்தும் சேட்டா. பிரேக்கு சுகமில்ல. பிடிச்சு இரிங்க.”

வண்டி சத்தமில்லாமல் மலையிறங்கியது. எஞ்சின் இரைச்சல் இல்லாததால் பின்னாலிருந்து லிஜியின் முனகல் தெளிவாகக் கேட்டது. ஒவ்வொரு வளைவிலும் வேலாயுதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஸ்டியரிங்கை ஒடித்தான். ரப்பர் மரங்கள் முகத்துக்கு நேரே வந்து விலகின. ஜெபிக்கலாம் என்றால் ஈசாக்குக்கு வார்த்தை வரவில்லை. வழி முழுக்க இறக்கமாகவே இருக்கக்கூடாதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு வளைவு தாண்டியதும் முனகலும் நின்றது. திரும்பிப் பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

“லிஜி! எடியே, கண்ணத் தொற மக்கா!” என்று புஷ்பபாய் கன்னத்தில் தட்டுகிற சத்தம்தான் ஆஸ்பத்திரி வரை வந்தது.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள் என்றார் டாக்டர். பெண் குழந்தை. இரண்டு உயிரும் தப்பின.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்தோத்திரக் காணிக்கை படைத்துவிட்டு ஈசாக் சபை நடுவே நின்றார். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தார்.

“டிரம்மு காலியானது நமக்கு முன்னமே தெரிஞ்சிருக்கணும். நானும் எடுத்தேன். இனி வாரந்தோறும் எல்லாரும் காண மூடியத் தொறந்து பாக்கணும்…”

மூப்பர் வேதமாணிக்கம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நல்ல காரியத்துக்குக் கூடியிருக்கோம் ஈசாக்கு. கர்த்தர் காத்தாரு. இனி ஆரு எடுத்தான், எவன் எடுத்தான்னு கிண்டுனா சபைக்குள்ள சண்டையாக்கும் வரும். பங்கில ஸ்டாக்கு வரட்டு, நெறச்சிரலாம்.”

தலைகள் ஆடின. சபை முழுவதும் மூச்சு விட்ட மாதிரி இருந்தது. குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்று அத்தனை பேருக்கும் தெரியும். குன்று மாள்கிறது என்று சொல்கிறவனைத்தான் யாருக்கும் பிடிக்காது. ஈசாக் உட்கார்ந்தார். தனக்கும் நிம்மதியாக இருப்பதை உணர்ந்தபோது அவருக்குத் தன்மீதே பயம் வந்தது.

ஆராதனை முடிவதற்குள் காற்று வாங்க வெளியே வந்தார். பூவரச மரத்தடியில் ராஜதாசும் ரேஷ்மியும் நின்றார்கள். அவளுக்கு மயக்கம் வந்து முன்னமே வெளியே கூட்டி வந்திருந்தான். உள்ளே நடந்த பேச்சு எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அவள் கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

“அண்ணே, அந்தக் கேனு போன பிறகு எனக்கு ஒறக்கமே இல்ல. டிரம்ம நெறச்சாச்சா?” என்று ரேஷ்மி கேட்டாள்.

பங்கில் இன்னும் பலகை தொங்குவதை நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்திருந்தார். சொல்ல வாயெடுத்தார். ஜீப்பில் ஏற்றும்போது லிஜி அவரைப் பார்த்த பார்வை அந்தப் பெண்ணின் முகத்தில் இருந்தது. பிள்ளைத்தாய்ச்சியை எப்படிப் பயமுறுத்துவது?

“நெறச்சாச்சு மக்கா. நீ பயப்படாண்டாம்.”

ரேஷ்மியின் முகம் தெளிந்தது. புருஷன் கையைப் பிடித்து ஆட்டினாள்.

“கேட்டியளா? நாளைக்கு நீங்க மார்த்தாண்டம் போய் டீசலு தேடி அலையாண்டாம். எங்கூட இருந்தாப் போதும்.”

“அப்போ சரி,” என்று ராஜதாஸ் சிரித்தான்.

இருவரும் படியிறங்கிப் போனார்கள். கூப்பிட ஈசாக் கையைத் தூக்கினார். அதற்குள் ஆராதனை முடிந்து வேதமாணிக்கம் வெளியே வந்தார், பின்னாலேயே சபை முழுவதும். ஈசாக் தூக்கிய கையால் எல்லோருக்கும் கும்பிடு போட்டார்.