கச்சான் காற்றில் ஒரு குறி

கச்சான் அடிக்கத் தொடங்கிவிட்டால் எங்கள் மடுல்சீமைப் பக்கம் யாருக்கும் மனசு ஓரிடத்தில் நிற்காது. கூரைத் தகரம் படபடக்கும், அடுப்பு பற்றாது, காதுக்குள் யாரோ நாள் முழுக்க ஊதிக்கொண்டே இருப்பது போலிருக்கும். சும்மாவே நான் சிடுமூஞ்சி என்று தோட்டத்து லயத்து வீடுகளில் பெயர் எடுத்தவள். கச்சான் மாதங்களில் என் வீட்டுக்காரர் ராஜீவ் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும் மனுஷன் பார்க்கவில்லை.

"சக்தி, டொக்டரு வர்றாரு. பன்னி வெரட்டப் போறேன்" என்றார், ஏதோ கல்யாண வீட்டுக்குக் கிளம்புகிறவர் மாதிரி.

"இந்தக் காத்துலயா?"

"காத்துலதான் அவருக்கு ருசி."

டொக்டர் மதுசூதனன் பதுளையில் பல் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். பொய் சொல்லக்கூடாது, நல்ல மனிதர். என் கடைவாய்ப் பல்லை வலிக்காமல் பிடுங்கிவிட்டவர். பல் பிடுங்கப் போன இடத்தில் என் வீட்டுக்காரர் பன்றிக் கதையை எடுத்துவிட்டதில்தான் வந்தது எல்லாம். லயத்துக்குப் பின்னால் நாங்கள் போட்டிருந்த போஞ்சியையும் உருளைக்கிழங்கையும் பன்றிகள் கிண்டிப் போட்டுக்கொண்டிருந்தன. தோட்டத்துத் துரையிடம் டொக்டரே பேசிப் பன்றி சுட அனுமதி வாங்கினார். முதல் தடவை அவர் வந்தபோது நானும்தான் சந்தோஷப்பட்டேன். கேட்டால் இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஆனால் அவர் மற்றவர்களைப் போல நீளத் துவக்கோடு வந்து, கிட்டப் போய், டமார் என்று போட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை. அவருடையது பிஸ்டல். பிஸ்டல் என்றால் பொலிஸ்காரர் இடுப்பில் சொருகுகிற சைஸ் இல்லை, முழங்கை நீளத்துக்குக் குழாய், அதன் முதுகில் தூரத்தைக் கிட்டக் காட்டுகிற இன்னொரு குழாய். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. அதை வைத்துக்கொண்டு ஒரு பள்ளத்துக்கு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் அடிக்க வேண்டும், அதுவும் காற்று அடிக்கும்போது அடிக்க வேண்டும்.

"கிட்டப் போய்ச் சுடுறதில என்ன இருக்கு தங்கச்சி?" என்று ஒருமுறை என்னிடமே கேட்டார். "காத்து எவ்வளவு இழுக்கும் எண்டு கணக்குப் பாத்து, குறியை விலக்கி வச்சு அடிக்கிறதுதான் விளையாட்டு."

பன்றிக்கும் அவருக்கும் விளையாட்டு என்றால் சரிதான். நடுவில் மானாப்புல்லுக்குள் இறங்குவது என் புருஷன். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வீட்டில் சொன்னேன். ராஜீவ் சிரித்தார்.

"செவப்புத் தொப்பி குடுத்திருக்காருடி. மைலுக்கு அங்கிட்டு இருந்தாலும் தெரியும். ஒத்தச் சவுக்கு மரம் வரைக்கும் சத்தம் போட்டுக்கிட்டு வருவேன், மரத்தடியில நின்னுருவேன். அதுக்குக் கீழதான் அவரு சுடுவாரு, அங்க ஒரு அடி வைக்கமாட்டேன். போதுமா?"

போதாது. ஆனால் மனுஷன் தொப்பியை மாட்டிக்கொண்டு போயே விட்டார்.

நான் கைக்காசுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை பெரட்டில் நின்று பேர் கொடுக்கிற வேலை கிடையாது, பறித்த தேயிலைக் கொழுந்துக்கு அன்றைக்கே காசு. கச்சானில் கொழுந்து குறைவு, ஆனால் அந்தக் காலத்துக் கொழுந்துக்குத்தான் வாசம் அதிகம் என்று தோட்டத்தில் ஒரு நாளையும் வீணாக்கமாட்டார்கள். அன்றைக்கு எங்களைப் பறிக்க விட்ட மலை, பன்றி விரட்டுகிற பள்ளத்துக்கு நேர் எதிரே. பக்கத்து நிரையில் கருப்பம்மா அக்கா. அங்கே நின்றால் எனக்கு எல்லாமே தெரிந்தது. இடது பக்கம் எங்கள் மலையின் கீழ்க்கோடியில் ஒரு பாறை, அதன்மேல் குப்புறப் படுத்திருந்த டொக்டர். எதிரே காய்ந்து பழுப்பேறிய மானாப்புல். அதற்கு மேலே சவுக்கு மரம். இன்னும் மேலே புள்ளியாக ஒரு சிவப்புத் தொப்பி.

கொழுந்தைப் பறிக்கிறேனா, முற்றின இலையைப் பறிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. ரெண்டு கை பறித்தால் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தேன்.

"புருஷனை இன்னிக்குத்தான் புதுசாப் பாக்குறியா?" என்றார் கருப்பம்மா அக்கா. மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு பெரிய காற்று மேலேயிருந்து இறங்கியது. ராஜீவ் தொப்பியைக் கையால் அழுத்திப் பிடித்தார். விட்டால் பறக்கும், பிடித்துக்கொண்டே இருந்தால் புல்லை விலக்க முடியாது. பிறகு அவர் இடுப்பில் கட்டியிருந்த சாக்கை உருவினார். மூலையை மூலைக்குள் சொருகிக் கொங்காணியாக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டார்.

யோசித்துச் செய்த காரியம் இல்லை அது. அந்த வாரம் முழுக்க அவருக்குத் தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்து வேலை. காற்றடித்தாலும் தூறல் போட்டாலும் காது அடைக்கச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு குனிந்து வெட்டுகிறவர்களின் கை அது. தானாகவே போகும். எங்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம்.

சிவப்புத் தொப்பி சாக்குக்குள் போய்விட்டது. காதும் உள்ளே போய்விட்டது.

காய்ந்த புல்லின் நிறம்தான் சாக்கின் நிறமும். மனுஷன் குனிந்து புல்லை விலக்கிக்கொண்டு வருகிறார். அவர் நடை எனக்குத் தெரியாமலிருந்தால் நானே அதைப் பன்றி என்றுதான் சொல்லியிருப்பேன்.

மரத்தடியில் நின்றுவிடுவார், நின்றுவிடுவார் என்று எனக்குள் சொல்லிக்கொண்டே பார்த்தேன். மரம் வந்தது. அந்த நேரம் பார்த்துப் பன்றி புல்லுக்குள்ளிருந்து மேலே திரும்பி ஓடப் பார்த்தது. பாதி வேலையில் விட்டுவிட்டு வருகிற ஆளா என் வீட்டுக்காரர்? பன்றியை மறிக்கிறேன் என்று சுற்றிக்கொண்டு மரத்துக்குக் கீழே இறங்கினார்.

"ஏங்க! இறங்காதீங்க! டொக்டரு! சுடாதீங்க!"

காற்று என் வாய்க்கு எதிரே அடித்தது. நான் போட்ட சத்தம் எனக்குப் பின்னாலேயே போனது. கருப்பம்மா அக்கா முதலில் என்னைப் பேய் பிடித்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பிறகு எதிரே பார்த்தார். அவ்வளவுதான், செடி கீறாமல் இடுப்பில் சுற்றியிருந்த படங்கை அவிழ்த்துத் தலைக்கு மேலே வீசத் தொடங்கினார். மற்றவர்களும் அவிழ்த்தார்கள். நீலமும் மஞ்சளுமாக மலை முழுக்கப் படங்குகள் பறந்தன.

டொக்டர் ஒருதரம் திரும்பியிருந்தால் போதும். அவர் திரும்பவில்லை. கையில் காற்றை அளக்கிற ஒரு சின்னச் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தார். குழாயில் எதையோ திருகினார். மறுபடியும் சக்கரத்தைப் பார்த்தார். அவர் கண்ணுக்குக் காற்றைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. அப்புறம் பிஸ்டலை முன்னால் போட்டிருந்த மணல் மூட்டைமேல் வைத்துக் குழாயில் கண்ணைக் கொடுத்தார்.

கூடையைப் போட்டுவிட்டு ஓடினேன். தேயிலைக்குள் விழுந்து, மழைத்தண்ணீர்க் கானில் சறுக்கி, பள்ளத்துக்குள் இறங்கினேன். கீழே போகப் போக எதிர்மலை கண்ணிலிருந்து மறைந்தது. பாறையும் தெரியவில்லை, புல்லும் தெரியவில்லை. அப்போது வெடி கேட்டது. பெரிய சத்தம் இல்லை. காய்ந்த விறகை முறித்ததுபோல ஒன்று.

அந்தப் பள்ளத்துக்குள் நான் என்னென்ன நினைத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்காது. பயமாக இருந்தது. பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. டொக்டர்மேல், இந்த மனுஷன்மேல், அந்தப் பாழாய்ப்போன சாக்கின்மேல். பள்ளத்தின் அடியில் ஓடிய தண்ணீரைத் தாண்டினேன். எதிர்க்கரையில் புல் கையைக் கிழித்தது. ஏறினேன்.

மேலே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது.

புல் முடிகிற வெளியில் ஒரு பன்றி கிடந்தது. பக்கத்தில் ராஜீவ், சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, தொப்பி கோணலாக, பல்லைக் காட்டிக்கொண்டு நின்றார். டொக்டர் ஏற்கெனவே வேறு வழியாக வந்து சேர்ந்திருந்தார். முகமெல்லாம் சந்தோஷம். இருட்டிக்கொண்டு வந்த கண்ணோடு நான் போய் என் புருஷனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன்.

"என்னாடி இது, ஐயா முன்னால!"

"தங்கச்சி பயந்திட்டா போல" என்று டொக்டர் சிரித்தார். "பயப்பிடாதேங்கோ. ராஜீவ் மரத்தடியிலதான் நிண்டவர். இந்த மனுசனை நம்பித்தானே நான் சுடுறன்."

நான் ராஜீவைப் பார்த்தேன். அவர் வேறு எங்கேயோ பார்த்தார்.

டொக்டருக்கோ பேச்சு நிற்கவில்லை. "உண்மையில எனக்கு இது வாய்ச்சது அதிர்ஷ்டம். ரெண்டு பண்டி நிண்டது, தெரியுமோ? மற்றது இதைவிடப் பெரிசு. கொஞ்சம் மேல, குனிஞ்சு கிண்டிக்கொண்டு நிண்டது. முதல் அதுக்குத்தான் குறி வச்சனான். விரலும் வச்சிட்டன். இந்தக் காத்து விட்டு விட்டு அடிக்குது, எவ்வளவு விலக்கிறது எண்டு பிடிபடேல்ல. அதுக்கிடையில இது வெளியில வந்திட்டுது. சரி, பெரிசு கிடக்கட்டும் எண்டு இதைப் போட்டன்."

"ரெண்டு இல்லீங்களே ஐயா" என்றார் ராஜீவ், இன்னும் சிரித்தபடி. "நான் உள்ளதானே நின்னேன். ஒரு பன்னிதான்..."

சொல்லிக்கொண்டிருந்த மனுஷன் பாதியில் நிறுத்தினார். பல் மட்டும் கொஞ்ச நேரம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. பிறகு அதுவும் உள்ளே போனது.

டொக்டருக்கு இன்னும் புரியவில்லை. பிஸ்டலைத் துணியால் துடைத்துக்கொண்டே, "வாற ஞாயிறு காத்து இப்பிடியே இருந்தால் அந்தப் பெரிசையும் எடுப்பம்" என்றார்.

நான் ராஜீவின் தோளிலிருந்த சாக்கை உருவினேன். மூலையை மூலைக்குள் சொருகி அவர் தலையில் கவிழ்த்தேன். தொப்பி உள்ளே போனது. கழுத்தைப் பிடித்துக் கொஞ்சம் குனியவும் வைத்தேன். மனுஷன் குனிந்தார்.

"வாற ஞாயிறு வரைக்கும் எதுக்குங்க டொக்டர்?" என்றேன். "அந்தப் பெருசு இந்தா நிக்குது. அடிங்க."

டொக்டரின் துடைக்கிற கை நின்றது. சாக்கைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், மறுபடியும் சாக்கைப் பார்த்தார். பிறகு அந்தப் பிஸ்டலை எங்காவது கீழே வைக்க இடம் தேடினார்.