தையல் அறையின் பழைய ஃபிரிட்ஜ்

1

ஃபியூஸ் போனதால் எனக்குக் கிடைத்த கதை இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வேறொரு கதை எழுதிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு கப்பல், கப்பலில் ஒரு கணவன் மனைவி. இருவரும் எதற்கோ பேசாமல் இருந்தார்கள். எதற்கு என்று நான் மோட்டுவளையைப் பார்த்து யோசித்துக்கொண்டிருந்தபோது கணினி அணைந்தது, கப்பல் மூழ்கியது. (சேமித்து வைக்கவில்லை. அந்தத் தம்பதி இனி சமாதானமாகப் போவதில்லை.)

எங்கள் மாடி முழுவதும் கரண்ட் இல்லை. எதிர் வீட்டில் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த பேரிரைச்சலும் அதே நொடியில் நின்றிருந்தது. மிக்ஸியா, வாஷிங் மெஷினா, விமானமா என்று பிரித்துச் சொல்ல முடியாத இரைச்சல் அது. ஆக, குற்றவாளி யார் என்று துப்பறிய வேண்டியிருக்கவில்லை. சண்டைக்கென்று வைத்திருக்கும் முகத்தை மாட்டிக்கொண்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தட்டக் கை ஓங்கியவன் உள்ளே பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன்.

என்ன பார்த்தேன் என்பதை அதற்குரிய இடத்தில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் உங்களுக்குப் புரியாது. எனக்கே அன்று புரியவில்லை.

2

தொடக்கத்தைச் சிலவிதமாக எழுதிப் பார்த்தேன்.

‘பூமி சூடேறிக்கொண்டே போகிறது. அதற்கு நாம் ஒவ்வொருவரும்...’

இது தலையங்கம். அடித்துவிட்டேன்.

‘அவள் கணவனைவிட மின்சாரத்தைத்தான் அதிகம் நேசித்தாள். அவனோ...’

இது அபாண்டம். அதைவிட, அவள் படித்தால் எதிர் வீட்டில் நான் குடியிருக்க முடியாது.

ஆகவே நேராகவே சொல்லிவிடுகிறேன். எதிர் வீட்டில் இரண்டே பேர். அவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டு, கோட்டு, கால்சட்டை, பழைய துணியைப் பிரித்துத் தைப்பது என்று வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவள் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் ரத்த வங்கியில் வேலை பார்க்கிறாள். எங்கள் கட்டடத்தில் அவளுக்கு ஆஃப் அக்கா என்று பெயர். ஆளில்லாத இடத்தில் எரிகிற விளக்கைக் கண்டால் அது யார் வீட்டு விளக்காக இருந்தாலும் அணைத்துவிட்டுத்தான் நகர்வாள். மாடிப்படியில், துணி காயப்போடும் இடத்தில், ஒருமுறை என் வீட்டுக் குளியலறையில்கூட. (உள்ளே நான் இருந்தேன்.)

நேரில் அவளை ‘நீங்க’ என்றுதான் அழைப்பேன். கதையில் ‘அவள்’ என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோங்க. ஆனா அவர ‘அவர்’னே எழுதுங்க. ரெண்டு பேரையும் ‘அவர்’னா படிக்கறவங்க குழம்பிடுவாங்க” என்றாள். நல்ல ஆசிரியர் குழு இருக்கிற பத்திரிகையில்கூட இப்படி ஒரு யோசனை கிடைக்காது.

3

அவள் பிறவியிலேயே ‘ஆஃப் அக்கா’ அல்ல. போன கோடை வரைக்கும் நம்மைப்போலத்தான் இருந்தாள். ஃபேனைப் போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருப்பாள், கேட்டால் “ஐயோ, மறந்துட்டேன்” என்பாள்.

அந்தக் கோடையில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஊரே ஏசியைப் போட்டுக்கொண்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டது. ஒரு மதியம் தாங்காமல் கரண்ட் போனது. ரத்த வங்கியில் ஜெனரேட்டர் உடனே பிடித்திருக்க வேண்டும், பிடிக்கவில்லை. கீழே ஆட்கள் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, மேலே இவள் வரிசையாக நிற்கும் பெரிய ஃபிரிட்ஜ்களுக்கு நடுவே நின்றாள். உள்ளே யார் யாரோ கொடுத்த ரத்தம். குளிர் குறைந்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டியதுதான். திறந்தால் குளிர் போய்விடும் என்பதால் திறந்து பார்க்கவும் முடியாது. கதவின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“ஜுரம் வந்த புள்ள பக்கத்துல நிக்கற மாதிரி நின்னேன்” என்று பின்னால் என்னிடம் சொன்னாள். “அப்ப ஜன்னல் வழியா பாக்கறேன், எதிர்ல ஒரு கடை. பட்டப்பகல்ல, ஆளே இல்ல, அவங்க ஜெனரேட்டர்ல வாசல் பூரா விளக்கு எரியுது. எனக்கு அழுகையா வந்துச்சு.”

கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் ஓடிவிட்டது. ரத்தம் தப்பித்தது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்தவள் பழைய ஆள் இல்லை.

(இங்கே நான் ஒரு பக்கம் கட்டுரை எழுதியிருந்தேன். ஒரு வீட்டில் அணைக்கிற ஒரு விளக்கு உலகத்தைக் காப்பாற்றுமா, அது வெறும் மனத்திருப்தியா, பெரிய ஆலைகள் ஊதித்தள்ளும் புகைக்கு முன்னால் நம் விளக்கு எம்மாத்திரம் என்றெல்லாம். அவளிடம் படித்துக்காட்டினேன். “உலகத்த யாரு காப்பாத்தறது? எனக்கு அந்தக் கதவு மேல கைய வெச்ச ஞாபகம் வருது, அணைக்கறேன். அவ்வளவுதான்” என்றாள். கட்டுரையை எடுத்துவிட்டேன்.)

சொருகிப் பார்த்தால் எது எவ்வளவு கரண்ட் தின்கிறது என்று காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிவந்து வீடு முழுக்க வைத்துப் பார்த்தாள். தையல்காரரின் இஸ்திரிப் பெட்டி நிறையத்தான் தின்றது. ஆனால் அது சோறு போடுகிற பெட்டி, அதில் கை வைக்கவில்லை. துணிகளைச் சேர்த்துவைத்து ஒரே நேரத்தில் தேய்க்கச் சொன்னாள், அவரும் கேட்டுக்கொண்டார். கடைசியில் மாட்டியது தையல் அறையின் மூலையில் நின்ற பழைய ஃபிரிட்ஜ்.

சமையலறையில் புதியது ஒன்று இருக்கிறது. பழையதற்குள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு எலுமிச்சம்பழம், நூலில் தேய்க்கிற மெழுகுக் கட்டி. இந்த மூன்றையும் குளிர வைக்க அது இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே பெருந்தீனிக்காரன் அதுதான் என்று கருவி காட்டிக்கொடுத்தது.

“இத நிறுத்திடலாமா?” என்று கேட்டாள்.

தையல்காரர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து ஊசி குத்தும் திண்டில் குத்தினார். பிறகு, “நிறுத்திடேன்” என்றார்.

அவள் பிளக்கைப் பிடுங்கினாள்.

4

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தையல்காரர் ஏன் மறுபேச்சுப் பேசவில்லை? முதல் பிரதியில் அவரைச் சண்டை போட வைத்தேன். ‘என் அறையில என்ன இருக்கணும்னு நான்தான்...’ என்று ஒரு வசனம். அது அவர் வாயில் ஒட்டவேயில்லை. அளவு எடுக்கும்போது ‘கொஞ்சம் கைய தூக்கறீங்களா’ என்பதையே மன்னிப்புக் கேட்பதுபோலச் சொல்கிற மனிதர்.

அவர் சண்டை போடவில்லை. அதற்குப் பதிலாகச் சாப்பாடு கொண்டுபோக ஆரம்பித்தார்.

அதுவரை அவள் காலையிலேயே டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள். பிளக்கைப் பிடுங்கிய அந்த வாரத்திலிருந்து, “சூடா கொண்டாந்து தர்றேனே” என்று மதியம் அவரே நடந்து வந்தார். கொடுத்துவிட்டு உடனே கிளம்பவும் இல்லை. ரத்த வங்கியின் நடைவழியில், ஃபிரிட்ஜ் அறையின் சுவரை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்து, பையிலிருந்து ஏதாவது சட்டையை எடுத்து பட்டன் தைப்பார், ஓரம் மடிப்பார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கூட வேலை செய்கிறவர்கள் விடுவார்களா?

“கல்யாணமாகி இத்தன வருஷம் கழிச்சு இப்படி ஒரு மனுஷனா! எங்க வீட்ல ஃபோன் பண்ணா ‘என்ன’ன்னு கேக்கறதோட சரி.”

“போங்கக்கா” என்பாள் இவள். ஆனால் மதியம் நெருங்கினால் தலையைக் கோதிக்கொண்டாள். வெளியே பட்டன் தைக்கும் கை தெரிகிற மாதிரி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

வீட்டில் மட்டும் ஏதோ சரியில்லை. ஒரு கோட்டின் கையை இடம் வலம் மாற்றித் தைத்துவிட்டார். கூப்பிட்டால் திடுக்கிட்டார். வெறும் மெஷினை, துணி இல்லாமல், சும்மா ஓட்டிக்கொண்டிருந்ததை ஒருமுறை பார்த்தாள். எண்ணெய் விட்டேன் என்றார்.

5

ஒருநாள் ரத்த வங்கியில் சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டுமென்று ஃபிரிட்ஜ்களைக் கீழ்த்தளத்துக்கு மாற்றினார்கள். மதியம் தையல்காரர் டப்பாவோடு வந்தார். நடைவழியில் நின்று சுவரைப் பார்த்தார். அவள் சிரித்தபடி எழுந்து வந்தாள்.

“பெட்டிங்கல்லாம் எங்க?” என்றார்.

“கீழ. ஏன்?”

“கீழ எங்க?”

அவள் முகம் மாறியது. “நீங்க யாரப் பாக்க வர்றீங்க?”

“உன்னையும் பாக்கத்தான்.”

அந்த ‘யும்’ வாயைவிட்டு விழுந்த பிறகுதான் அவருக்கே கேட்டது. தமிழில் இதைவிடச் சின்னச் சொல் கிடையாது, இதைவிடப் பெரிய அடியும் கிடையாது.

“உன்னையும்னா? வேற யாரு?”

பெஞ்சில் உட்கார்ந்து சொன்னார். அவர் காதுக்குள் ஒரு விசில் சத்தம். நிற்பதே இல்லை. டாக்டர் பார்த்துவிட்டு இது போகாது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லியாயிற்று. அமைதியாக இருந்தால் கூடும், ஏதாவது சீராக ஓடிக்கொண்டிருந்தால் அமுங்கும். பழைய ஃபிரிட்ஜின் உறுமலில்தான் அது மறைந்துகிடந்தது.

“எத்தன நாளா?”

“நாளா இல்ல... வருஷமா.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீ ஆஸ்பத்திரியில இருக்கறவ. சொன்னா வைத்தியம் பாக்க ஆரம்பிச்சுடுவ. வீட்ல நான் உன் வீட்டுக்காரனா இருக்கணும்ல, நோயாளியா இல்லாம.”

“அன்னிக்கு நிறுத்தட்டுமான்னு கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

அவர் டப்பாவின் மூடியை அழுத்தி மூடினார். ஏற்கனவே இறுகத்தான் மூடியிருந்தது.

அவளுக்குக் கோபம் வந்தது. வெட்கமும் வந்தது, தலையைக் கோதிக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை மதியங்களுக்கும் சேர்த்து. தானே போய்ப் பிடுங்கிய பிளக் ஞாபகத்துக்கு வந்தது. “கீழ வாங்க, காட்டறேன்” என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

6

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

வீட்டில் எது ஓடினால் விசில் அடங்குகிறது என்று கண்டுபிடித்தே தீருவது என்று அவள் முடிவு செய்துவிட்டாள். குறைவாகத் தின்று நன்றாக உறுமும் ஏதோ ஒன்று இருக்கத்தானே வேண்டும்? தையல்காரரை ஸ்டூலில் உட்கார வைத்தாள். அவர் அளவு கொடுக்க வந்தவர்போல நிமிர்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஊரெல்லாம் விளக்கை அணைத்துக்கொண்டு வந்த பெண்மணி ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள்.

“இது?” சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன்.

“கேக்குது.”

“இது?” மிக்ஸி.

“ஐயோ, விசிலே தேவல.”

வாஷிங் மெஷின், தலை உலர்த்தி, டேபிள் ஃபேன், ஸ்டேஷன் பிடிக்காத ரேடியோ. தனித்தனியாகப் போதாதென்று சேர்த்துப் போட்டாள். அதற்கு மேல் இஸ்திரிப் பெட்டி வேறு சூடேறிக்கொண்டிருந்தது. டப்பென்று எல்லாம் நின்றது. (என் கப்பல் மூழ்கியது அப்போதுதான்.)

கட்டடமே மூச்சை அடக்கிக்கொண்டதுபோல் ஒரு நிசப்தம். அவள் கையில் ரேடியோ. அவர் கண்ணைத் திறந்தார்.

“இப்ப?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“இப்பதான் ரொம்ப.”

“எப்படி இருக்கும் அது? எனக்குச் சொல்லுங்க.”

அவர் யோசித்தார். பிறகு உதட்டைக் குவித்து மிக மெல்லிசாக, ஏற்ற இறக்கமே இல்லாமல், ஒரே சுருதியில் விசிலடித்தார். மூச்சு முடிந்ததும் இழுத்துக்கொண்டு மறுபடியும் அதே இடத்தில் ஆரம்பித்தார். அவள் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்து கேட்டாள். அவர் நிறுத்தும்வரை கேட்டாள். அவர் நிறுத்திய பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் வாசலில் பார்த்தது இதைத்தான். சண்டை முகத்தைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஃபியூஸைப் போட நானே கீழே இறங்கிப் போனேன்.

கரண்ட் வந்ததும் அவள் செய்த முதல் வேலை, பழைய ஃபிரிட்ஜின் பிளக்கைச் சொருகியது. “இது உங்களுக்கு மருந்து. மருந்துக்குப் போய் கரண்ட் பாக்க முடியுமா?” என்றாள்.

கதையை இங்கேயே முடித்திருப்பேன்.

7

ஆனால் போன வாரம் ஒரு கால்சட்டையைக் குட்டை பண்ணக் கொண்டுபோனேன். நடுப்பகல், அவள் வேலைக்குப் போயிருந்தாள். ஃபிரிட்ஜ் ஓடவில்லை. ஸ்டூல்மேல் டேபிள் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்பியில் வெட்டுத்துணி ஒன்றைக் குத்தியிருந்தார். அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

“அவ போனதும் ஃபிரிட்ஜ் பிளக்க கழட்டிடுவேன். வர்ற நேரத்துக்குச் சொருகிடுவேன்” என்றார்.

“ஏன்?”

“ஆஸ்பத்திரியில கரண்ட் போன அன்னிக்கு அவ வீட்டுக்கு வந்த முகத்த நீங்க பாக்கல.”

“ஃபேன் போதுமா?”

“போதுங்கற மாதிரிதான் இருக்கு.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “அவகிட்ட சொல்லிடாதீங்க. அவளுக்காக நான் பொறுத்துக்கறேன்னு நினைப்பா.”

அன்று மாலையே மாடிப்படியில் அவளைப் பார்த்தேன். என் முகம் ரகசியம் காக்கிற முகம் இல்லைபோல.

“தெரியும்” என்றாள். “உள்ள கைய வெச்சா தெரியாதா? காலையில இருந்து ஓடின ஃபிரிட்ஜா, இப்ப சொருகினதான்னு. எனக்கு வேலையே அதானே.”

“கேக்கலையா?”

“எதுக்கு? அவருக்காக நான் போடறேன். எனக்காக அவர் கழட்டறார். கேட்டா ரெண்டுல ஒண்ணு நின்னுபோயிடும்.” இரண்டு படி ஏறியவள் நின்றாள். “ஆனா ஒண்ணு. அந்த ஃபேன் அவருக்கு நிஜமாவே போதுதா? உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?”

‘போதுங்கற மாதிரிதான் இருக்கு’ என்பதை எப்படிச் சொல்வது? அதில் ‘போதும்’ எவ்வளவு, ‘மாதிரி’ எவ்வளவு? எழுத்தாளன் என்று பெயர், அந்த இரண்டு சொல்லையும் எடைபோட எனக்குத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.

8

இன்று மாலை இந்தக் கதையை இருவருக்கும் படித்துக்காட்டுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தங்களைப் பற்றி எழுதியதை அச்சுக்குப் போகும் முன் கேட்க வேண்டுமாம், நியாயம்தான்.

ஏழாம் பகுதியைப் படித்தால் இருவரின் ரகசியமும் நடு அறையில் கொட்டிவிடும். ஒருவேளை நல்லதற்காக இருக்கலாம். அவர் சிரமப்பட்டுக்கொண்டிருந்தால் அவள் தெரிந்துகொள்வாள், வேறு வழி பார்ப்பாள். ஒருவேளை, தினமும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் செய்துகொண்டிருப்பது அதோடு நின்றும் போகலாம். அதைப் படிக்காமல் தாண்டிவிட்டால் கதை ஆறாம் பகுதியோடு முடியும். ஒழுங்கான முடிவு, யாருக்கும் சேதமில்லை. ஆனால் அவள் கேட்ட கேள்வி மாடிப்படியிலேயே நிற்கும்.

ஏழாம் பகுதித் தாள்களைத் தனியாக உருவி எடுத்தேன். மறுபடி உள்ளே செருகினேன். இப்போது மறுபடி கையில் இருக்கின்றன.

நான் எழுதுகிறவன். இதற்கு மேல் உள்ளது நீங்கள் சொல்ல வேண்டியது. படிக்கவா, தாண்டவா? சீக்கிரம் சொல்லுங்கள், எதிர் வீட்டில் தையல்காரர் எனக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்கிறது.