நோன்பாளியின் நடுக்கம்

ஷவ்கி ஓரிடத்தில் நிற்கவில்லை. இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு, அங்கிருந்து மறுபடி இந்தச் சுவருக்கு. நடந்தான் என்று சொல்வதைவிடத் தள்ளாடினான் என்பதுதான் சரி. இரண்டு கைகளும் மாவு சலிப்பதுபோல ஆடிக்கொண்டிருந்தன. விழுந்தால் பிடிக்கலாம் என்று மனைவி நக்லா கைகளை நீட்டியபடி பின்னாலேயே போனாள்.

அந்த மனநல மருத்துவமனையில் அன்று மாலை டியூட்டி டாக்டர் இரினி. ரமலான் மாதத்து மாலை டியூட்டி கிறிஸ்தவ டாக்டர் தலையில்தான் விழும். ஈஸ்டருக்கு மற்றவர்கள் ஈடுகட்டுவார்கள். கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் இது எழுதாத சட்டம்.

"என்ன நக்லா, எப்போலருந்து இப்படி?"

"என்னையா கேக்குறீங்க? அஞ்சு நாள் முன்னாடி மாத்திரையைக் கூட்டினது நீங்கதானே டாக்டர்? அதுலருந்துதான் இந்தக் கூத்து. ரெண்டு தடவை வாந்தி. காலைல என்னைப் பாத்து, 'நீ யாரு வீட்டுப் பொண்ணு'ன்னு கேக்குறாரு."

இரினி கேஸ் ஷீட்டைப் புரட்டினாள்.

ஷவ்கிக்கு இருதுருவ மனநோய். ஏறினால் அரசன், இறங்கினால் அனாதை. லித்தியம் மாத்திரைதான் மூன்று வருடமாக அவனைத் தரையில் நிறுத்தி வைத்திருந்தது. போன வாரம் தூக்கமில்லை, கையில் லேசான உதறல், வயிற்றுப்போக்கு என்று வந்தான். நோய் மறுபடி ஏறப் பார்க்கிறது என்று இரினி நினைத்தாள். இரண்டு மாத்திரையை மூன்றாக்கினாள். கையெழுத்தும் போட்டாள்.

தலைமை டாக்டர் ரிஃபாத்தை போனில் பிடித்தாள். அவர் காரில் இருந்தார். நோன்பு திறப்பதற்குள் வீடு சேரத் துடிக்கும் ஊரே பின்னணியில் ஹார்ன் அடித்தது.

"ஏறிட்டான், அவ்வளவுதானே? ஊசியைப் போட்டுப் படுக்க வை. லித்தியத்தை இன்னும் கூட்டு. காலைல ஷாக் குடுத்துக்கலாம்."

"சார், பார்த்தா வேற மாதிரி இருக்கு..."

"எல்லாப் பைத்தியமும் வேற மாதிரிதான் இருக்கும் இரினி. காரணம் தேடிக்கிட்டு உக்காராதே. டேய், அந்தப் பக்கம் போடா கழுதை! உன்னைச் சொல்லலை, மினிபஸ்காரனை."

நர்ஸ் ஊசியில் மருந்தை ஏற்றி நிமிர்ந்தாள். இரினி ஒரு விரலைத் தூக்கினாள். ஒரே ஒரு நிமிடம்.

ஷவ்கி ஏறியபோதெல்லாம் அவள் பார்த்திருக்கிறாள். மருத்துவமனைக்கே குனாஃபா இனிப்பு இலவசம் என்று அறிவிப்பான். பாடுவான். நாக்கு குதிரை மாதிரி ஓடும். இன்றைக்கு அந்த நாக்கு வாய்க்குள் தடித்துக் கிடந்தது. ஒரு வார்த்தையைத் தேடி மூன்று முறை முயன்று கைவிட்டான். ஏறியவன் வார்த்தையைத் தேடமாட்டான்.

கை எவ்வளவு நடுங்குகிறது என்று பார்ப்பதற்காகத்தான் அவள் அந்தத் தண்ணீர் தம்ளரை நீட்டினாள்.

ஷவ்கி முகத்தைத் திருப்பிக்கொண்டான். "இன்னும்... பாங்கு... சொல்லலையே."

தம்ளர் இரினியின் கையிலேயே நின்றது.

"நக்லா, இவர் நோன்பா?"

நக்லா தலையாட்டினாள்.

"எத்தனை நாளா?"

"முதல் நோன்புலருந்தே. பதினாறு நாளு." அப்புறம் மடை திறந்தது. "முந்தியெல்லாம் இவரு இனிப்புக் கடையில மூட்டை தூக்குறவருதான், நோன்பு பிடிச்சதில்லை டாக்டர். இந்த வருஷம்தான் முதலாளி குனாஃபாத் தட்டைக் கையில குடுத்தாரு. ரமலான்ல தட்டு முன்னாடி நிக்கிறவன் நோன்பில்லைன்னா வாங்க வர்ற சனம் காறித் துப்பாதா?"

ஜூன் மாதம். பதினாறு மணி நேர நோன்பு. கொதிக்கிற இரும்புத் தட்டின் முன்னால், நூல் நூலாக மாவை ஊற்றிக்கொண்டு, வேர்த்துக் கொட்டி, சொட்டுத் தண்ணீர் இல்லாமல்.

"மாத்திரை?"

"மூணையும் சேத்து விடியுறதுக்கு முன்னாடி சஹர் சாப்பாட்டோட முழுங்கிடுவாரு."

இரினி நர்ஸ் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கித் தட்டில் போட்டாள். லித்தியமும் ஒரு வகை உப்புதான். உடம்பு காய்ந்தால் சிறுநீரகம் உப்பை வெளியே விடாமல் இறுக்கிப் பிடிக்கும். லித்தியத்தையும் கூடவே பிடித்துக்கொள்ளும். மருந்து இரத்தத்தில் தேங்கித் தேங்கி விஷமாகும். போன வாரத்து உதறலும் வயிற்றுப்போக்கும் நோயின் அடையாளமே அல்ல, விஷத்தின் முதல் தட்டல். அவளோ கதவை அகலத் திறந்துவிட்டிருக்கிறாள். இப்போது இன்னொரு மாத்திரையோ மின்சாரமோ போனால்?

"ஏன் நக்லா என்கிட்ட சொல்லலை?"

"நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்."

உண்மை. கேட்கவில்லை. முஸ்லிமிடம் 'நோன்பா' என்று கிறிஸ்தவள் கேட்பது முறையல்ல. 'விட்டுவிடு' என்று சொல்வது அதைவிட முறையல்ல. அவளுடைய ஐம்பத்தைந்து நாள் தவக்காலத்தைப் பற்றி யாராவது தோண்டினால் அவளுக்கும் பிடிக்காது. இந்த மாதம் முழுக்க அவள் தண்ணீர் குடித்ததே கதவுக்குப் பின்னால்தான். அந்த மரியாதைதான் இவனைக் கொன்றுகொண்டிருந்தது.

லித்தியம் அளவு பார்க்கத் தெரிந்தவர் லேப் பஸ்யூனி ஒருவர்தான். மணி ஆறு ஐந்து. இரினி ஓடினாள். வாசலில் பஸ்யூனி மினிபஸ் படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"அண்ணே! இறங்குங்க!"

"டாக்டரம்மா, வீட்ல வாத்து வெந்துக்கிட்டிருக்கு. நான் போகலைன்னா என் பொண்டாட்டி என்னை வேக வெச்சிடுவா."

"லித்தியம் விஷம் ஏறியிருக்குண்ணே. ஆளு போயிடுவான்."

பஸ்யூனி வானத்தைப் பார்த்தார், பஸ்ஸைப் பார்த்தார், இறங்கினார். "பச்சை மூடிக் குழாயில ரத்தம் எடுத்துத் தொலைச்சிடாதீங்க. அந்தக் குழாய்க்குள்ளயே லித்தியம் இருக்கு. சிவப்பு மூடி!"

அடுத்த சண்டை ஷவ்கியோடு. சலைன் ஊசியைக் கண்டதும் கையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டான். "நோன்பு... முறிஞ்சிடும்." மூன்று பேர் பிடித்தும் உதறினான். பாங்குக்கு இன்னும் நாற்பது நிமிடம். அவ்வளவு நேரம் காத்திருக்க இரினிக்குத் துணிவில்லை.

நக்லா எழுந்தாள். மேசையிலிருந்த தம்ளரை எடுத்தாள். அவளும் விடிகாலை மூன்று மணியிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணீர் படாதவள். கணவன் முகத்துக்கு நேராக நின்று மடக் மடக்கென்று குடித்து முடித்தாள்.

"பாத்தியாய்யா? நான் முறிச்சுட்டேன். என்னைத் தனியா பாவத்துல விட்டுட்டு நீ மட்டும் சொர்க்கத்துல போய் குனாஃபா ஊத்தப் போறியா? நீட்டுய்யா கையை!"

ஷவ்கி அவள் முகத்தைப் பார்த்தான். யார் வீட்டுப் பெண் என்று புரிந்ததோ என்னவோ, கை நீண்டது.

இருபது நிமிடத்தில் பஸ்யூனி தாளோடு ஓடி வந்தார். ஒன்றைத் தாண்டக் கூடாத எண். இரண்டு புள்ளி எட்டு.

ரிஃபாத்தை மறுபடி போனில் பிடித்து எண்ணைச் சொன்னாள். "பச்சைக் குழாயா?"

"சிவப்பு சார். டயாலிசிஸ் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேன். ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது."

"அனுப்பு. ஆனா கேஸ் ஷீட்ல 'நோய் திரும்பியது'ன்னு மட்டும் எழுது. கூட்டினது உன் கையெழுத்து, ஞாபகம் வெச்சுக்க. விசாரணைன்னு வந்தா உன் வேலைக்கே உலை."

"அப்படி எழுதினா அங்கேயும் லித்தியம் குடுப்பாங்க சார்."

அவர் பதில் சொல்வதற்குள் இரினி போனை வைத்தாள். எழுதினாள்: 'நோய் திரும்பவில்லை. லித்தியம் நஞ்சு. நோயாளி நோன்பில் இருப்பதை விசாரிக்காமல் அளவைக் கூட்டியவர், டாக்டர் இரினி.' தேதி போட்டாள். ஷீட்டை ஸ்ட்ரெச்சரின் மேல் செருகினாள்.

ஸ்ட்ரெச்சரோடு ஓடிய நக்லா திரும்பினாள். "மறுபடியும் பைத்தியமா டாக்டர் இவருக்கு?"

"இல்லை. இந்தத் தடவை தப்பு என்னோடது."

நக்லா அவளை முறைத்தாள். ஆம்புலன்ஸில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.

பாங்கு சொல்லி, தெருவில் ஈ காக்காய் இல்லாமல் போனபிறகு நக்லாவின் போன் வந்தது. டயாலிசிஸ் மெஷினில் போட்டுவிட்டார்கள். காலையில்தான் எதுவும் சொல்ல முடியுமாம். "என் பேரைச் சொன்னாரு," என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

இரினி உட்காரவில்லை. அலமாரியைத் திறந்து லித்தியம் நோயாளிகளின் பதிவேட்டை இழுத்தாள். பதினோரு பேர். முதல் எண்ணை நின்றுகொண்டே அழுத்தினாள்.

"அடடே, டாக்டரா! ரமலான் வாழ்த்துக்கள்! வாங்க, சாப்பாடு ரெடியா இருக்கு..."

"தாரிக், உண்மையைச் சொல்லுங்க. நோன்பு பிடிக்கிறீங்களா?"

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஒரு கதவு சாத்தப்பட்டது. பிறகு தாழ்ந்த குரல் வந்தது.

"நான் நோன்பில்லைன்னு யாரு டாக்டர் உங்ககிட்ட சொன்னது?"