செழியனின் கையில் ஊறிய எண்ணெய்

செழியனின் உள்ளங்கைகளில் சிவப்பாகக் கியர் எண்ணெய் சுரக்கத் தொடங்கியது, மரவள்ளிக்கு நல்ல விலை கிடைத்த வருஷத்தின் ஆவணியில். கள்ளக்குறிச்சியில் கார் பட்டறை வைத்திருந்த அவன் முதலில் அதை வேலை அழுக்கென்றுதான் நினைத்தான். சோப்பு, சீயக்காய், மண்ணெண்ணெய் எல்லாம் போட்டுக் கழுவினான். துடைத்த துணி நனைந்ததே தவிர கை உலரவில்லை. தோல் டாக்டர் கொடுத்த களிம்பும் வழுக்கிக்கொண்டு போயிற்று.

காரணம் அவனுக்குத் தெரியும். மலைமேல் கரியாலூரில் டீச்சராக இருந்த அம்சவள்ளி, கியர் எண்ணெய் மாற்றச் சொல்லித் தன் ஆட்டோமேட்டிக் காரை அவனிடம் விட்டிருந்தார். அடியில் படுத்துத் திறந்தபோது எண்ணெய் கருகிய நாற்றத்தோடு கறுப்பாக இறங்கியது. அந்த வண்டிக்கு உண்டான சிவப்பு எண்ணெய் சென்னையிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. அதைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. ஆட்டோமேட்டிக் வேலைக்கு ஊரிலேயே தான் ஒருவன்தான் என்று பலகை மாட்டியிருந்தான். கருகியதையே துணியில் வடிகட்டித் திரும்ப ஊற்றி, "புது எண்ணெ டீச்சர், மலைய ஒரே மூச்சுல ஏறும்" என்று சாவியைக் கொடுத்தான்.

அடுத்த வாரம், பிரசவ வலி கண்ட தன் பக்கத்து வீட்டுப் பூமாலையை அம்சவள்ளி ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு வந்த கார் மலைச்சாலையின் ஒரு மேட்டில் நின்றுபோனது. எஞ்சின் அலறியது, சக்கரம் அசையவில்லை. கொட்டும் மழையில், புடவை மறைப்புக்குள், ரோட்டிலேயே பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது. சேதி கேட்டு ஓடிவந்து நின்ற செழியனிடம் அம்சவள்ளி, "வண்டிக்கு வயசாயிப்போச்சுப்பா, நீ இன்னா பண்ணுவ?" என்றார். அவர் திட்டியிருந்தால் தேவலை. அன்று மாலைதான் கை ஊறத் தொடங்கியது.

திருக்கோவிலூர்க் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையில் அவனுடைய ஐந்து விரலும் பதிந்தன. பந்தியில் அவன் பிசைந்த சோறு சிவந்ததைப் பார்த்துப் பக்கத்து இலைக்காரர் எழுந்துபோனார். அதன்பிறகு அவன் விசேஷங்களுக்குப் போவதில்லை. வருஷம் திரும்பியதும் மலையேறினான்.

"டீச்சர், அன்னிக்கு நான் எண்ணெய மாத்தவே இல்லிங்க."

அம்சவள்ளி பக்கத்து வீட்டைக் காட்டினார். "எங்கிட்ட இன்னாத்துக்கு சொல்ற? பூமாலகிட்டப் போயி சொல்லு."

இடுப்பில் குழந்தையோடு பூமாலை முழுவதையும் கேட்டாள். கோபப்படவில்லை. "கொழந்த மேல சொட்டப்போவுது, தள்ளி நில்லுங்க" என்று மட்டும் சொன்னாள். செழியன் தள்ளி நின்றான். நிலம் பிளந்து வாங்கிக்கொள்ளாதா என்றிருந்தது அவனுக்கு.

டீச்சர் வீட்டுக் கொட்டகையில் நின்றிருந்த காரின் கியர்பாக்ஸை அன்றே பிரித்தான். தேய்ந்ததை மாற்றினான். பிறகு எண்ணெய் ஊற்றும் குழாயைத் திறந்து அதன் மேல் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு பொழுது சாயும்வரை நின்றான். அளவுக் கம்பி நிறைவைக் காட்டியது. கார் ஓடியது.

கை நிற்கவில்லை. இப்போது ஆட்டோமேட்டிக் கார்க்காரர்கள் அவனிடம் எண்ணெய் எங்கே வாங்கினாய் என்று கேட்பதில்லை. மனைவி சந்தியா படுக்கப்போகும்முன் கட்டிலின் இரண்டு பக்கமும் கிண்ணம் வைக்கிறாள். விடிந்ததும் அவற்றை எடுத்துக் கேனில் ஊற்றி மூடிவிட்டு, வாசல் தெளிக்கப் போகிறாள்.