நாஷ் காரில் ஒரு மதியத் தூக்கம்

1

இந்தக் கதை ஒரு ஓட்டையிலிருந்து வந்தது.

நாஷ் என்ற பழைய கார் வைத்திருப்பவர்கள் நாங்கள் கோடையில் ஒருமுறை, அமெரிக்காவில் எங்கள் ஊரான கெனோஷாவின் ஏரிக்கரைப் பூங்காவில் கூடுவோம். என்னிடமும் ஒன்று இருக்கிறது. ஓடுவதைவிட நிற்பதில்தான் அதற்கு விருப்பம். அந்த வருடம் என் பக்கத்தில் நின்றது வெளிர்பச்சை ஸ்டேட்ஸ்மன், 1951ஆம் வருடத்து வண்டி, கவிழ்த்துப்போட்ட குளியல் தொட்டி மாதிரி. குனிந்து பார்த்தேன். முன் இருக்கைகள் மடங்குகிற கீலுக்குப் பக்கத்தில், ஒவ்வொரு பக்கமும் ஒரு ஓட்டை. கம்பெனி போட்டது இல்லை, யாரோ துளையிட்டது.

காருக்குச் சொந்தக்காரர் எர்சிலியா ஃபிலிச்சே, எண்பதை நெருங்கியவர், மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பீச் பழம் நறுக்கிக்கொண்டிருந்தார். என்ன ஓட்டை என்று கேட்டேன்.

"என் புருஷன் போட்டது, தம்பி."

"எதுக்கு?"

"நான் தூங்கக் கூடாதுன்னு."

பழத்தில் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். நான் அதைத் தின்று முடிப்பதற்குள் இதை எழுதத் தீர்மானித்துவிட்டேன். அங்கேயே என்னை நீங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘1953 ஜூலை. மிச்சிகன் ஏரியின் மேல் வெயில் வெள்ளிக் காசுகளைக் கொட்டியது போல—’

[விட்டுவிட்டேன். வெள்ளிக் காசு கொட்டுகிற எழுத்தாளன் எதையோ மறைக்கிறான்.]

இரண்டாவது: ‘காஸ்பரே ஃபிலிச்சே தன் மனைவியைச் சந்தேகித்தான்.’

[இது உண்மை. ஆனால் கதை அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறது.]

மூன்றாவதாக, கார்க் கம்பெனியின் வரலாற்றிலிருந்து தொடங்கிப் பார்த்தேன். எங்கள் ஊரில் மிதிவண்டி செய்துகொண்டிருந்த ஒருவர் கார் செய்ய ஆரம்பித்தார். அந்தத் தொழிற்சாலையை நாஷ் என்பவர் வாங்கித் தன் பெயரை வைத்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டி செய்கிற கம்பெனியோடு சேர்ந்தது, அதன்பின் ஹட்சன் கார்க் கம்பெனியோடு சேர்ந்தது. 1957இல் நாஷ் என்ற பெயரே காரிலிருந்து போய்விட்டது. இப்போது ஏரிக்கரையில் தொழிற்சாலையும் இல்லை, புல்தான் இருக்கிறது.*

* அதே ஏரிக்கரையில் மெத்தைத் தொழிற்சாலை ஒன்றும் இருந்தது. ஊரில் பாதிப் பேர் படுக்கை செய்தார்கள், மீதிப் பேர் கார் செய்தார்கள். நாஷ் இரண்டையும் ஒன்றாக்கியது: முன் இருக்கையின் முதுகைச் சாய்த்தால் அது பின் இருக்கையோடு சேர்ந்து கட்டிலாகிவிடும். ஜன்னலுக்குக் கொசுவலைகூடத் தனியாக விற்றார்கள். தங்கள் பெண்ணை அழைத்துப்போக வரும் பையன் நாஷில் வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிய அப்பாக்கள் உண்டு. எங்கள் கூட்டத்தில் ஒருவர், தான் கருவானதே அந்த இருக்கையில்தான் என்பார். ஒவ்வொரு வருடமும் சொல்வார். ஒவ்வொரு வருடமும் அந்தக் காரின் நிறம் மாறும்.

ஆக, சந்தேகம் அந்தக் காரோடு சேர்த்தே விற்கப்பட்டது. இது போதும். தொடங்குகிறேன்.

3

எர்சிலியாவும் காஸ்பரேவும் இத்தாலியின் கலாப்ரியாவிலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்தவர்கள், மவுண்ட் கார்மல் கோயிலில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். வீட்டில் அவளைத் தவிர எல்லோரும் ஆண்கள்: கணவன், மாமனார், கணவனின் தம்பிகள் இருவர். நான்கு பேருமே தொழிற்சாலையில் வேலை செய்பவர்கள், ஆனால் ஒரே ஷிஃப்ட் இல்லை. ஒருவன் சாப்பிட உட்காரும்போது ஒருவன் குறட்டை விடுவான். ஒருவன் சவரம் செய்யும்போது இன்னொருவன் கதவைத் தட்டுவான். அடுப்பு ஆறியதே இல்லை.

[கூட்டத்தில் பார்த்த எர்சிலியாவை ‘அவர்’ என்று எழுதினேன். கதைக்குள் வந்ததும் ‘அவள்’ ஆக்கிவிட்டேன். இளமை காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன். நம் மொழியில் ஒரு எழுத்தை மாற்றினாலே ஒருவரைக் கொஞ்சம் கீழே இறக்கிவிடலாம்.]

காஸ்பரேவுக்கு வேலை நாஷ் தொழிற்சாலையில், இருக்கை மாட்டுகிற வரிசையில். மற்றவர்களின் காரில் கட்டில் பொருத்துகிறவன். தன் காரில் அந்த இருக்கையை அவன் சாய்த்ததே இல்லை; சாய்த்துப் படுக்க அவனுக்கு நேரம் இல்லை.

மாமனாரை மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் வேண்டும் என்று எர்சிலியாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவன் தோர்வால்ட் லுண்ட். டேனிஷ்காரன், வரிசையில் காஸ்பரேவுக்கு எதிரே நிற்பவன், பொறுமைசாலி. அவனைப் போய்க் கேட்டது காஸ்பரேதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக ஏறி உட்கார்ந்த காஸ்பரேவுக்கு முதுகில் ஏதோ உறுத்தியது. இருக்கை அவன் வைத்த நிலையில் இல்லை. கீலில் ஒரு பல் தள்ளிச் சாய்ந்திருந்தது. பின்பெட்டியைத் திறந்தான். இதுவரை உறை பிரிக்காத கொசுவலை பிரிந்திருந்தது. வலையில் செத்த பூச்சிகள், மடிப்பில் ஏரி மணல்.

எர்சிலியா செவ்வாய்க்கிழமைகளில் பக்கத்து ஊரான ரசீனில் இருக்கும் தன் சித்தி மகளைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தச் சித்தி மகளை அன்று கோயிலில் பார்த்தான் காஸ்பரே. அடிக்கடி வருகிறாளாமே என்று பேச்சுவாக்கில் கேட்டான். யார், எர்சிலியாவா, ஈஸ்டருக்குப் பிறகு அவளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாள் அவள்.

4

இந்த இடத்தில் ஒரு கள்ளக் காதலனைக் கொண்டுவந்தால் கதை நன்றாக ஓடும். கொண்டுவந்தும் பார்த்தேன். அவனுக்கு மீசை வைத்தேன், காப்பீட்டு முகவர் வேலை கொடுத்தேன், ‘அவன் எர்சிலியாவின் கையைப் பிடித்து—’

[வேண்டாம். அவன் எனக்கு மட்டும்தான் தேவைப்பட்டான்.]

காஸ்பரேவும் அதைத்தான் செய்தான். இல்லாத ஒருவனை உண்டாக்கினான். அவன் உண்டாக்கிய ஆளுக்கு தோர்வால்டின் முகம் இருந்தது.

வரிசையில் நேராகவே கேட்டுவிட்டான். தோர்வால்டுக்குக் கோபம் வரவில்லை; அதுவே காஸ்பரேவை இன்னும் உறுத்தியது. செவ்வாய்க்கிழமை பாகம் வந்து சேராமல் வரிசை நின்றுபோனது, மதியத்தோடு எல்லோரையும் அனுப்பிவிட்டார்கள். தோர்வால்ட் தன் பழைய லாரியின் கதவைத் திறந்து வைத்து, "ஏறுடா, போய்ப் பாத்துருவோம். நான் உன் பக்கத்துலயே இருக்கேன், அங்கயும் இருக்க முடியாதில்ல" என்றான்.

ஊருக்குத் தெற்கே, மணல்மேடுகள் தொடங்குகிற இடத்தில் பச்சைக் கார் நின்றது. ஜன்னல்களில் கொசுவலை. லாரியைத் தள்ளி நிறுத்திவிட்டு இருவரும் நடந்தார்கள். காஸ்பரே கையில் ஸ்பானர் இருந்தது. எப்போது எடுத்தான் என்று தோர்வால்ட் பார்க்கவில்லை.

எர்சிலியா தூங்கிக்கொண்டிருந்தாள். தனியாக. செருப்பைக் கழற்றி ஜோடியாக வைத்திருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. பக்கத்தில் ஒன்றுமே இல்லை, ஒரு பத்திரிகைகூட.

பார்த்துக்கொண்டே நின்றான் காஸ்பரே. அவன் முகம் தெளியும் என்று தோர்வால்ட் எதிர்பார்த்தான். தெளியவில்லை.

"தூங்கத்தானே செய்றா. விடுடா," என்றான் தோர்வால்ட்.

"ஒருத்தன் இருந்திருந்தா அவனை அடிச்சிருப்பேன்," என்றான் காஸ்பரே. "இப்ப நான் யாரை அடிக்கிறது? யார்கிட்டேருந்து ஓடிவந்து தூங்குறா இவ?"*

* இதை எனக்குச் சொன்னது தோர்வால்ட். அவரும் எங்கள் கூட்டத்துக்கு வருவார், ஊன்றுகோலோடு. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் செருப்பு ஜோடியாக இருந்தது அவருக்கு நினைவிருக்கிறது. இவ்வளவு நினைவு எதற்கு என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் அது வேறு கதையாகியிருக்கும். இந்தக் கதையையே என்னால் சமாளிக்க முடியவில்லை.

5

காஸ்பரே அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அந்த வாரமே இரண்டு இருக்கைகளின் கீலிலும் துளை போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு போல்ட் முடுக்கினான். நாளெல்லாம் இருக்கைகளை மடங்க வைக்கிறவன், தன் வீட்டுக் கொட்டகையில் இரண்டை மடங்காமல் செய்தான்.

அடுத்த செவ்வாய்க்கிழமை எர்சிலியா ஏரிக்கரைக்குப் போனாள், செருப்பைக் கழற்றினாள், பிடியை இழுத்தாள். அசையவில்லை. குனிந்து பார்த்தபோது புது போல்ட்டின் தலை பளபளத்தது.

என்ன நினைத்தீர்கள் என்று எர்சிலியாவிடம் கேட்டேன். பயந்தீர்களா, கோபமா?

"வெக்கமா இருந்துச்சு, தம்பி," என்றார். "தூங்குறப்ப என்னைப் பாத்திருக்கான். எவன்கூடவாவது பாத்திருந்தாக்கூட அவ்ளோ வெக்கம் வந்திருக்காது."

அன்று அவள் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சமைத்தாள். சாப்பிடும்போது ரசீனில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டான் காஸ்பரே. சௌக்கியம் என்றாள். அப்படியே சில வாரங்கள் போயின. அவளுக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரியும். மற்ற மூன்று பேரும் ரொட்டியைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள்.

[இந்த இடத்தில் நான் காஸ்பரேவை வெறுக்க ஆரம்பித்தேன். பிறகு யோசித்தேன்: தனக்கும் அந்த வீட்டில் தூக்கம் இல்லை என்பதை அவன் யாரிடம் போய்ச் சொல்லியிருப்பான்? வெறுப்பு நின்றது. சந்தேகம் மட்டும் நிற்கவில்லை.]

6

செப்டம்பரில் ஒரு ஞாயிறு. கோயில் முடிந்து எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கறிக் குழம்பின் வாசனை தெருவரைக்கும் போனது. எர்சிலியா தட்டுகளை வைத்தாள். கணவனின் தட்டில், முள்கரண்டிக்குப் பக்கத்தில், இரண்டு போல்ட்டுகளை வைத்தாள். காலையில் அவனுடைய பெட்டியிலிருந்தே ஸ்பானர் எடுத்துக் கழற்றியவை.

மாமனார் அதைப் பார்த்துவிட்டு, வண்டியில் என்ன கோளாறு என்று கேட்டார்.

"வண்டியில ஒண்ணுமில்ல, மாமா," என்றாள் எர்சிலியா. "எனக்குத்தான் தூக்கம் வருது."

ஏப்ரனைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். வாசலில் நின்ற காருக்குப் போனாள். இருக்கையைச் சாய்த்தாள். கோயில் விட்டுத் தெருவெல்லாம் ஆட்கள் போய்க்கொண்டிருந்த நேரம். அத்தனை பேர் பார்க்கப் படுத்துக் கண்ணை மூடினாள்.

அடுப்பில் மாக்கரோனி வெந்துகொண்டிருந்தது. காஸ்பரே எழுந்து வெளியே போனான்.

7

அதன்பின் நடந்தது என்ன என்பதில் யாரும் ஒத்துப்போகவில்லை.

எர்சிலியா சொன்னது: அவன் வந்து ஜன்னல் பக்கம் நின்றான். சாப்பாடு ஆறுகிறது என்றான். ஆறட்டும் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வெயில் படாமல் தன் கோட்டை ஜன்னலில் மாட்டிவிட்டு உள்ளே போனான். அவனே எல்லோருக்கும் பரிமாறினான். நான் நன்றாகத் தூங்கினேன்.

தோர்வால்ட் சொன்னது, காஸ்பரே அவரிடம் சொன்னபடி: அவன் மறுபக்கக் கதவைத் திறந்து, இன்னொரு இருக்கையையும் சாய்த்து, கோயிலுக்குப் போட்ட சட்டையோடே பக்கத்தில் படுத்துக்கொண்டான். அவள் தள்ளிப் படுத்து இடம் கொடுத்தாள். இருவரும் காரின் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார்கள். பிறகு இருவருமே தூங்கிவிட்டார்கள்.

அவளுக்குத் தன்னைத் தனியாக விட்ட ஒருவன் வேண்டியிருந்தது. அவனுக்குத் தனக்கு இடம் கொடுத்த ஒருத்தி. அவரவருக்குத் தேவையான முடிவு அவரவரிடம் இருக்கிறது. அதனாலேயே இரண்டையும் நான் நம்பவில்லை. மூன்றாவதாக, யாரும் சொல்லாத ஒன்றும் இருக்கிறது: ‘அவன் கதவைத் திறந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்து—’

[இதை எழுதிவிட்டு அழித்தேன். அழித்துவிட்டுத் திரும்ப எழுதினேன். இங்கேயே இருக்கட்டும்.]

அவர்கள் பிரியவில்லை, அது மட்டும் தெரியும். காஸ்பரே இறக்கும்வரை அதே வீடு, அதே கார். ஆனால் பிரியாமல் இருந்தார்கள் என்பதை வைத்து எதைச் சொல்ல முடியும்?

அன்று மேஜையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பவர் கடைசித் தம்பி சாவெரியோ மட்டும்தான். அவரைத் தேடிப்போனேன். அண்ணன் வெளியே போன பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன். நடந்ததா, சாப்பிட்டோம் என்றார். மாக்கரோனி அன்றைக்கு நன்றாக இருந்தது, சூடாக இருந்தது.

சூடாகவா? அப்படியானால் யாரோ உடனே வந்து பரிமாறியிருக்க வேண்டும். யார் பரிமாறினார்கள், அண்ணனா, அண்ணியா, இல்லை உங்கள் அப்பாவா என்று விடாமல் கேட்டேன்.

சாவெரியோ நேர்மையாகவே யோசித்தார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"தட்டு வந்துச்சு, சாப்பிட்டேன்," என்றார். "தட்டைத்தான் பாத்தேன், தம்பி. கையைப் பாக்கல."

அதற்குமேல் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீங்கள் அந்த மேஜையில் எந்த நாற்காலியில் வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்ளலாம். தட்டு வரும்போது நிமிர்ந்து பாருங்கள்.